மணிக்கு 38 முறை

சிபாப் கருவி வீட்டுக்கு வந்த முதல் நாள் இரவு, முகமூடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வயது மகள் கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா, உனக்குத் தும்பிக்கை முளைச்சிருச்சு" என்றாள். மூக்கிலிருந்து தொங்கிய ஆறடிக் குழாயைத் தூக்கி ஆட்டிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. கருவியைக் கொண்டுவந்து கொடுத்தவர் சொல்லிவிட்டுப் போனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணி அந்தக் கோடு வரைக்கும்தானே ஊத்தியிருக்கு? பட்டை ரொம்ப இறுக்கமா இல்லையே? வாயை மூடிக்கோ.

சுவிட்சைப் போட்டேன். ஓடும் பேருந்தின் ஜன்னலில் முகத்தை வைத்தது போல மூக்குக்குள் காற்று புகுந்தது. மூச்சை இழுப்பது சுலபம். விடுவதுதான் கஷ்டம். எதிரில் யாரோ விடாமல் ஊதிக்கொண்டிருக்க, அதை எதிர்த்து நாமும் ஊதவேண்டும். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மூக்கு வழியே வந்த காற்று அப்படியே வாய் வழியே பீறிட்டு, பேச்சுக்குப் பதிலாக ஒரு தவளைச் சத்தம் வந்தது. இருபது நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டேன். 36 வயதில் மூக்கில் குழாயோடு தூங்க வேண்டும் என்பதை மனம் ஏற்கவே இல்லை.

ஆனால் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கவும் பயமாக இருந்தது. அந்தப் பயம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் வந்தது.

*

சோழிங்கநல்லூர் சிக்னலில் காரை நிறுத்தியிருந்தேன். பின் இருக்கையில் மகள். பின்னால் நின்றவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபோதுதான் கண் திறந்தேன். சிக்னல் பச்சையாகி எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. பிரேக்கிலிருந்து கால் நழுவி, கார் மெதுவாக முன்னால் உருண்டிருந்தது. "அப்பா, தூங்கிட்டியா?" என்று மகள் சாதாரணமாகக் கேட்டாள். முந்தைய இரவு எட்டு மணி நேரம் தூங்கியிருந்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி கைப்பேசியை எடுத்து ஓர் ஒலிப்பதிவைப் போட்டாள். என் குறட்டை தாங்காமல் இரண்டு வருடமாக அவள் மகளின் அறையில்தான் படுக்கிறாள். பதிவில் குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. அறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும். பத்து விநாடி, பதினைந்து, இருபது. பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. மறுபடி குறட்டை. "சத்தம்கூடப் பரவாயில்ல. இந்த சைலன்ஸ்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மருத்துவர் வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். விரலில் ஒரு கிளிப், மார்பில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு மெல்லிய குழாய். ஒரே ஓர் இரவு. அறிக்கை வந்தபோது அதில் தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தது: 38. ஒரு மணி நேரத்தில் அத்தனை முறை என் மூச்சு நின்றிருக்கிறது, அல்லது நிற்கிற அளவுக்குக் குறைந்திருக்கிறது. பத்து விநாடியாவது நீடித்தால்தான் அது கணக்கில் சேரும். ஐந்துக்குள் இருந்தால் இயல்பு, முப்பதைத் தாண்டினால் தீவிரம். ஆறரை மணி நேரத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன். 247. ரத்தத்தில் ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

நடப்பது இதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. எல்லோருக்கும்தான். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கை ஒட்டிய மெல்லிய சதையும் பின்னால் சரிந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும். மார்பும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், காற்று மட்டும் போகாது. ஆக்சிஜன் குறைவதைக் கண்டு மூளை ஆளை ஓர் உலுக்கு உலுக்கும். தசைகள் இறுகி வழி திறக்கும். முழுசாக விழிப்பதில்லை என்பதால் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது.

எம்பெடட் சிஸ்டம் படித்தவர்களுக்கு வாட்ச்டாக் டைமர் தெரிந்திருக்கும். புரோகிராம் எங்காவது உறைந்துபோய்க் குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால், அது எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். சிஸ்டம் செத்துப்போகாது. ஆனால் ஓர் இரவில் 247 முறை ரீசெட் ஆகும் ஒரு சர்வரை நாங்கள் யாரும் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்ல மாட்டோம்.

*

அறிக்கையைப் படித்த அன்று இரவு அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். படுத்த நிமிடமே தூங்கிவிடுவார். "கொடுத்து வச்ச மனுஷன்" என்பார்கள் உறவினர்கள். அவருடைய குறட்டை தெருமுனை வரை கேட்கும் என்பது குடும்பத்தின் நிரந்தர நகைச்சுவை. பகலிலும் தூங்குவார். பேப்பர் படிக்கும்போது, பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும்போது, என் பள்ளி ஆண்டுவிழாவில் நான் மேடையில் பரிசு வாங்கும்போது. அலுவலகத்தில் அவருக்குக் கும்பகர்ணன் என்று பெயர்.

2008-இல், நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, பணி நேரத்தில் கவுண்டரில் தூங்கியதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள். ஒரு வருட இன்கிரிமென்ட் போயிற்று. செமஸ்டர் ஃபீஸ் கட்டவேண்டிய மாதம். விடுமுறைக்கு வந்திருந்த நான் அம்மாவின் முன்னால் கேட்டேன்: "வேலை நேரத்துலகூட முழிச்சிருக்க முடியலைன்னா எதுக்குப்பா அங்க போறீங்க?"

அப்பா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "ராத்திரி நல்லாத்தான்டா தூங்குறேன். ஏன்னு தெரியல" என்றார்.

அன்று அதை ஒரு சோம்பேறியின் சாக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் அன்றைக்குப் பேசப்பட்டதிலேயே துல்லியமான வாக்கியம் அதுதான். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

2011 ஆவணியில் இறந்துபோனார். 56 வயது. சித்தி மகள் வளைகாப்புக்காக அம்மா தூத்துக்குடி போயிருந்தாள். ஆடிட் இருக்கிறது என்று அப்பா மட்டும் வீட்டில் இருந்தார். காலையில் பால்காரர் கதவைத் தட்டித் திறக்காமல் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். "தூக்கத்துலயே போயிட்டாரு. நல்ல சாவு. புண்ணியம் பண்ணவரு" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் பலரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

*

1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இந்தச் சிகிச்சையை முதன்முதலாகச் செய்து பார்த்தார். அதற்கு முன் தீவிரமான நோயாளிகளுக்கு இருந்த வழி, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயை நேராகத் திறந்துவிடுவது. அதற்கு ஒப்புக்கொள்ளாத ஒரு நோயாளிக்குத்தான் மூக்கு வழியே தொடர்ந்து காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். தொடக்ககாலக் கருவிகளில் வாக்குவம் கிளீனர் மோட்டார்தான் காற்றை ஊதியது. முகமூடியை ஒவ்வொருவரின் மூக்குக்கும் அளவெடுத்து வார்த்து, தினமும் இரவில் பசை போட்டு ஒட்டினார்கள். 1981-இல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. அப்பாவுக்கு அப்போது 26 வயது.

கருவி ஆக்சிஜன் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அறையில் இருக்கும் அதே காற்றுதான். அதன் அழுத்தம் மட்டும் தொண்டையை உள்ளிருந்து விரித்துப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் தேவைப்படுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டுக் குமிழி வர ஊதிப் பாருங்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்பது தெரிந்தும் பழக மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் தினமும் காலையில் முகமூடி தரையில் கிடந்தது. எப்போது கழற்றினேன் என்று ஞாபகமே இருக்காது. மீசையின் மேல் ரப்பர் ஓரம் சரியாக உட்காராமல் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. மீசையைக் கத்தரித்தேன், பிறகு மொத்தமாக எடுத்தேன். காற்றை விழுங்கி விழுங்கிக் காலையில் வயிறு பானையாக இருந்தது. ஏசி அறையில் குழாய்க்குள் ஈரம் குளிர்ந்து நீராகி, நடு இரவில் மூக்கில் சொட்டியது. மனைவியின் பழைய பருத்திச் சுடிதார் துணியில் குழாய்க்கு உறை தைத்துப் போட்டோம். ஒருநாள் கரண்ட் போய், காற்று நின்று, பதறி எழுந்தேன். மறுநாள் இன்வெர்ட்டர் இணைப்பில் மாற்றினேன்.

உதவிய விஷயம் ஒன்றுதான். தூங்குவதற்காக அல்லாமல், சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் சும்மா மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தும்பிக்கையாக வைத்துக்கொள்வாள். உடம்பு மெல்ல மெல்ல அந்தக் காற்றை ஒரு தாக்குதலாக எடுத்துக்கொள்வதை நிறுத்தியது.

இருபத்து மூன்றாம் நாள் காலை, ஒன்றுக்குப் போக ஒருமுறைகூட எழாமல் விடிந்திருந்தது. நெற்றியில் அந்த வழக்கமான பாரம் இல்லை. கனவு கண்டிருந்தேன். கனவே வராத ஆள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கருவியின் திரையில் 2.4 என்றிருந்தது. 38 இருந்த இடத்தில் 2.4. அந்த வாரம் மனைவி தலையணையோடு எங்கள் அறைக்குத் திரும்பினாள்.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கருவியையும் எடுத்துப் போனேன். அம்மா பையைப் பார்த்ததும், "என்னடா இது ஆஸ்பத்திரி சாமானெல்லாம்?" என்று பதறினாள். விளக்கினேன். தூங்கும்போது மூச்சு நிற்கிறது என்றதும் தலையை ஆட்டினாள், தெரிந்த விஷயத்தைக் கேட்பதுபோல.

"அப்பாவுக்கும் நிக்கும். சத்தம் நின்னா எனக்கு முழிப்பு வந்துரும். மனசுக்குள்ள எண்ணுவேன். இருபது தாண்டுச்சுன்னா தோள்ல ஒரு தட்டு. புரண்டு படுத்துக்குவாரு. தெனமும்தான்."

"யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"குறட்டைக்கெல்லாம் யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா?"

பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அவள் எங்கே போய் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தூத்துக்குடியில்.

"அன்னைக்கு நான் இருந்திருந்தா..."

இந்தக் கேள்வி வரும் என்று ஊருக்குக் கிளம்பும்போதே தெரியும். சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் பதில் தேடியிருந்தேன். இந்த நோய் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், இதயத்துக்குக் கெடுதல். படித்திருக்கிறேன். ஆனால் அப்பாவுக்கு யாரும் பரிசோதனை செய்யவில்லை. சுகர் இருந்தது, பிரஷர் இருந்தது, நாற்பது வயது வரை பீடி குடித்தார். அந்த இரவுக்கு எந்த லாகும் இல்லை.

அதையேதான் சொன்னேன். "தெரியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது. மாரடைப்புன்னா பக்கத்துல ஆள் இருந்தாலும் வரும்."

"நான் தட்டுனது சரிதானா?"

"சரிதாம்மா. இந்த மெஷினும் கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணுது."

அது உண்மையில்லை. மெஷின் தட்டி எழுப்புவதில்லை, அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. அம்மாவிடம் அந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. அப்பாவிடம் நான் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை. அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியாது. எனக்கு இருக்கிறது.

அன்று இரவு அப்பா படுத்த அறையிலேயே, ஜன்னலோரம் ஸ்டூலில் கருவியை வைத்துவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அம்மா காபி கொண்டுவந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"தூங்கலையாம்மா?"

"எங்க தூங்க? நீ சத்தமே போடல. ரெண்டு மூணு தடவ வந்து மூச்சு வருதான்னு பாத்துட்டுப் போனேன்."