வண்டியின் பல்லைப் பார்த்தல்

குதிரை வாங்கச் செல்பவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். 5 வயதில் முன்பற்கள் யாவும் விழுந்து முளைத்து முழுமை பெறுகின்றன. 10 வயதளவில் மேல்வரிசையின் ஓரப் பல்லில், ஈறை ஒட்டி ஒரு பள்ளக்கோடு தோன்றுகிறது. 15 வயதில் அக்கோடு பாதிப் பல் வரை இறங்கும். 20 வயதில் நுனியை எட்டும். விற்பவர் எதைச் சொன்னாலும் பல் தன் கணக்கைச் சொல்லிவிடும். ஆனால் அக்குதிரையை இழுத்துச் செல்வதற்கு ஒரு பழைய மோட்டார் வண்டி வாங்க நேர்ந்தால், அதில் எந்தப் பல்லைப் பார்ப்பது?

புனே நகரில் வாழும் நம் அன்பர் ஒருவருடன் மூன்று திங்கள் அலைந்து இவ்வினாவுக்கு ஒருவாறு விடை கண்டேன். நம்மில் குதிரை வைத்திருப்போர் மிகச் சிலரே என்பதை அறிவேன். ஆயினும் பழைய வண்டி வாங்காத குடும்பம் நம்மில் அரிது. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிச் செல்வதும், புறப்படும் அவசரத்தில் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் நமக்குப் பழகிய செய்திகள். ஆதலால் இக்கட்டுரை குதிரை இல்லாத அன்பர்களுக்கும் பயன்படலாம் என்று எண்ணுகிறேன்.

அந்த அன்பரை நாங்கள் அனைவரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். இராணுவத்தில் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பேணும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே சிறிது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு பெண் குதிரைகளை வைத்துக்கொண்டு, தம் மகளுடன் சேர்ந்து சிறுவர்களுக்குக் குதிரையேற்றம் கற்பித்து வருகிறார். ஒரு நாள் இரவு அவற்றுள் ஒன்றுக்கு வயிற்றுச் சூலை கண்டது. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே சிக்கியது வந்த வழியே திரும்பாது. ஆகவே சூலை என்பது அதற்கு உயிர் போகும் நோய். மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வாடகை லாரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். லாரி வந்து சேரும்போது பொழுது விடிந்துவிட்டது. மார்பளவு உயரமுள்ள லாரித் தளத்தில், வலியால் துடிக்கும் விலங்கை ஏற்ற மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. தெய்வாதீனமாக அது பிழைத்தது. அன்றே அண்ணாச்சி சொந்த வண்டி வாங்குவதென்று முடிவு செய்தார்.

முன்னாளில் குதிரைகள் இரயிலிலேயே பயணம் செய்தன. அவற்றுக்கெனத் தனிப் பெட்டிகள் இருந்தன. உடன் செல்லும் குதிரைக்காரர் அமர்வதற்கும் அதில் ஓர் அறை உண்டு. அக்காலம் போய்விட்டது. இரு குதிரைகள் நிற்கக்கூடிய, தாழ்ந்த சாய்வுப் பலகை பொருத்திய பழைய டிரெய்லர் ஒன்றை அண்ணாச்சி தேடிப் பிடித்தார். அதை இழுப்பதற்கு ஒரு பெரிய வண்டி வேண்டும். குதிரைப் பந்தியின் சேற்றிலும் கரடுமுரடான வண்டிப் பாதையிலும் சிக்காமல் வர, நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியாக அது இருத்தல் வேண்டும். கையிலிருந்த பணம் 6 லட்சம். அதில் ஒரு பகுதி மகளின் திருமணத்திற்கென ஒதுக்கி வைத்திருந்தது. “குதிரைக்குக் கார், நமக்கு பஸ்ஸா?” என்று மதினி கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அன்றிரவு லாரிக்குக் காத்திருந்தவர்களுள் அவரும் ஒருவர். ஆதலால் மேற்கொண்டு தடை சொல்லவில்லை. “தம்பி, குதிரையை நான் பார்த்துக்கொள்வேன். காகிதத்தை நீ பார்க்க வேண்டும்” என்று அண்ணாச்சி என்னை உடன் அழைத்தார். இரயில்வே குமாஸ்தாவுக்குக் காகிதம் பார்ப்பதுதானே தொழில்!

முதலில் பார்த்தது இராணுவ ஏலத்திலிருந்து கை மாறி வந்த ஒரு மாருதி ஜிப்சி. 1985இல் நம் நாட்டுச் சாலைக்கு வந்த இவ்வண்டி மலைப்பாதைகளில் ஆடு போல ஏறும். பணிக்காலத்தில் அதிலேயே சுற்றியவராதலால் அண்ணாச்சிக்கு அதைக் கண்டதும் பழைய நண்பனைக் கண்டது போலாயிற்று. விலையும் குறைவு. நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். டிரெய்லரின் வெற்று எடை 900 கிலோ. குதிரை ஒன்று 450 கிலோ வீதம் இரண்டுக்கு 900. சேணம், வைக்கோல், தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்தால் ஏறக்குறைய 2 டன். ஜிப்சியின் எடையோ சுமார் 1 டன்.

“இழுத்துவிடும்” என்றார் விற்பவர். இழுக்கலாம். ஆனால் நிறுத்துமா? பாரம் ஏற்றிய கட்டை வண்டி இறக்கத்தில் மாட்டை முன்னே தள்ளிக்கொண்டு ஓடுவதை ஊரில் நாம் கண்டிருக்கிறோம். இங்கும் அதுவே நிகழும். மேலும் குதிரை என்பது மூட்டையன்று. நின்றுகொண்டே பயணம் செய்யும் உயிர்; பிரேக் போட்டால் முன்னே சாயும், திருப்பத்தில் காலை அகற்றி வைக்கும். அந்த அசைவு முழுதும் முன்னே செல்லும் வண்டியின் பின்புறத்தைப் பிடித்து உலுக்கும். இழுக்கும் வண்டி இலேசாக இருந்தால் அந்த உலுக்கலுக்கு அது ஈடுகொடுக்காது.

இரயில்வேயில் இருப்போர்க்கு இது நன்கு விளங்கும். கர்ஜத்திற்கும் லோணாவளாவுக்கும் இடையிலுள்ள போர்க் கணவாய் இருப்புப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. 37 அடிக்கு 1 அடி ஏறும் சரிவு அது. ஏறும்போது பின்னால் தள்ளு எஞ்சின்கள் சேர்ப்பதைப் பயணிகள் யாவரும் வேடிக்கை பார்ப்பர். இறங்குவதற்குச் செய்திருக்கும் ஏற்பாட்டைக் கவனிப்பவர் குறைவு. கட்டுப்பாடு இழந்து வரும் வண்டியைத் திருப்பி விடுவதற்காகவே மேல்நோக்கி ஏறும் தனித் தண்டவாளங்கள் அங்கே அமைக்கப்பட்டுள்ளன. ஏற்றத்தில் வலிமை குறைந்தால் வண்டி நின்றுபோகும்; அவ்வளவே. இறக்கத்தில் குறைந்தால் உயிர் போகும். இதைச் சொன்னதும் அண்ணாச்சி ஜிப்சியின் முகப்பை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

இரண்டாவது வண்டி பார்வைக்கு யானை போன்றிருந்தது. கனமான டீசல் வண்டி, புது வர்ணம், விலையோ நம்ப முடியாத மலிவு. தலைநகரிலிருந்து வந்தது என்றார் தரகர். அதில் வியப்பில்லை. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடலாகாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை வலியுறுத்திற்று. 2025இல் சில தளர்வுகள் வந்தன. இதற்கிடையே அங்கிருந்து இத்தகைய வண்டிகள் பல பிற மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் அவற்றை முறையாக வாங்க, முதலில் பதிவு செய்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே சாலை வரி கட்டி மறுபதிவும் செய்தல் வேண்டும்.

தரகரிடம் அச்சான்று இல்லை. “பின்னால் வரும்” என்றார். ஆர்.சி.யில் இருந்த பெயர் யாரோ ஒருவருடையது. நடுவில் இருவர் கை மாறியிருந்தது. 29, 30 எண்ணுள்ள பெயர் மாற்றப் படிவங்களில் அந்த முதல் மனிதர் வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். நான் சாலையோரம் குந்தி அடிச்சட்டத்தைப் பார்த்தேன். மேலே பளபளப்பு, கீழே துரு. டிரெய்லரின் கொக்கி எந்தச் சட்டத்தில் மாட்டப்பட வேண்டுமோ அந்தச் சட்டத்தின் மேல் தார் போன்ற கறுப்புப் பூச்சை அப்பியிருந்தனர். சாவிக் கொத்தால் தட்டினேன். கணீரென்று ஒலிக்க வேண்டியது பொத்தென்று ஒலித்தது. 2 டன் எடையையும் இரண்டு உயிர்களையும் அதில் மாட்டுவதா?

அண்ணாச்சியின் சட்டைப் பையில் முன்பணம் இருந்தது. இன்னொருவர் மாலையில் வந்து எடுத்துக்கொள்வார் என்று தரகர் அவசரப்படுத்தினார். சூலை மீண்டும் வந்தால் என்ன செய்வது என்ற அச்சம் அண்ணாச்சியை உள்ளூர வாட்டிக்கொண்டிருந்தது. அப்பொழுது அவருடைய மகள், “அப்பா, வாயைத் திறக்க விடாத குதிரையை நீங்கள் வாங்கியதுண்டா?” என்றாள். பையிலிருந்து எடுத்த கையை அவர் மறுபடியும் பைக்குள் வைக்கவில்லை. இரு கைகளையும் கூப்பித் தரகரிடம் விடைபெற்றார்.

மூன்றாவது வண்டி நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருடையது. 11 ஆண்டு ஆனது. கதவில் கீறல்கள், இருக்கையில் கிழிசல். பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும். எடை 2 டன்னுக்குச் சற்று அதிகம். தனி அடிச்சட்டத்தின் மேல் உடல் அமைந்தது. வாங்கிய நாள் முதல் அவர் ஒருவர் பெயரிலேயே இருந்தது. வண்டியின் கையேட்டை எடுத்து, எவ்வளவு எடை இழுக்கலாம் என்று தயாரித்தவர்கள் அச்சிட்டிருந்த பக்கத்தை அவரே காட்டினார். அன்று நாங்கள் செய்த சோதனைகளை வரிசையாகக் கூறுகிறேன்.

எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். குளிர்ந்த எஞ்சின் முதன்முதல் கிளம்பும்போதுதான் தன் நோயைக் காட்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறதென்று பொருள், இதில் வரவில்லை. அடிச்சட்டத்தில் பொறித்திருந்த எண்ணை ஆர்.சி.யில் உள்ள எண்ணுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. இவ்வண்டியின் டயர்கள் மூப்படைந்திருந்தன. அதற்கு விலையில் குறைத்துக்கொண்டோம். பின்னர் ஈரமண்ணில் நிறுத்தி, நான்கு சக்கர இயக்கத்தையும் அதன் தாழ்ந்த கியரையும் போட்டு ஓட்டிப் பார்த்தோம். பழைய வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் தொடாமல் இறுகிப்போவது இந்தக் கியர்தான். சரிவில் பின்னோக்கி டிரெய்லரைத் தள்ளும்போது கிளட்ச் கருகாமல் காப்பதும், இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுவதும் அதுவே.

விலை 4 லட்சத்து 80 ஆயிரம் என்று முடிந்தது. மீதியைச் செலவழித்துவிடாமல் டயர், கிளட்ச், பிரேக் ஆகியவற்றுக்கென வைத்துக்கொண்டோம். டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் தனிப் பதிவு வேண்டுமென்பது பலருக்குத் தெரியாது. அதையும் சரி செய்தோம். டிரெய்லரின் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டாயிற்று. முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் அதை முட்டுகிறது. அந்த முட்டுதலே கம்பி வழியாக டிரெய்லரின் சக்கரங்களைப் பிடிக்கச் செய்கிறது. இணைப்பு அறுந்துபோனாலோ, ஒரு தனிக் கம்பி இழுபட்டுக் கைப்பிரேக்கைப் போட்டுவிடுகிறது. ஓடும் இரயில் இரண்டாகப் பிரிந்தால் காற்றுக்குழாய் அறுந்து பெட்டிகள் தாமே நிற்பதும் இதே முறையில்தான்.

அண்மையில் போட்டி ஒன்றுக்காக அவ்விரு குதிரைகளையும் மும்பைப் பக்கம் கொண்டு சென்றபோது நானும் உடன் சென்றேன். கண்டாலாவுக்குக் கீழே இறக்கம் தொடங்குமுன் அண்ணாச்சி வண்டியை ஓரமாக நிறுத்தி, இணைப்பையும் கம்பியையும் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு கியரைக் குறைத்து, பிரேக்கை அடிக்கடி மிதிக்காமல் மெல்ல இறக்கினார். பின்னாலிருந்து ஒலிப்பான்கள் அலறின, அவர் பொருட்படுத்தவில்லை. கீழே கோபோலியில் பலகையைத் திறந்தபோது குதிரைகள் இரண்டும் வைக்கோலை மென்றுகொண்டிருந்தன. அச்சமுற்ற குதிரை தின்னாது என்றார் அண்ணாச்சி. ஒரு குதிரையை மட்டும் கொண்டு செல்லும்போது வலப்பக்க அறையில் நிறுத்த வேண்டுமாம். சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதால், எடை உயர்ந்த பக்கம் இருப்பது நல்லது என்பதே காரணம்.

வண்டி விற்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். மாற்றல் ஆணை கையில் வந்ததும் படிவத்தில் வெறும் கையெழுத்தைப் போட்டுத் தரகரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இரயில் ஏறிவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தில்லி வண்டியின் முதல் உரிமையாளர், தம் பெயர் புனேயில் ஒரு தரகரின் மேசை அறையில் கிடப்பதை அறிந்திருப்பாரா? ஒரே மாநிலத்திற்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றம் கோர வேண்டும். இன்சூரன்ஸ் மாற்றத்திற்கு 14 நாள். வண்டியுடன் வேறு மாநிலம் சென்று 12 மாதங்களுக்கு மேல் தங்கினால் அம்மாநிலத்து எண் பெறுதல் வேண்டும்.

படிவங்களை நிரப்புவதில் ஐயமுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலை சங்கத்தின் நூலகத்திற்கு வந்தால் உடனிருந்து எழுதித் தருகிறேன். வரும்போது ஆர்.சி.யையும் இன்சூரன்ஸ் தாளையும் மறவாமல் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன்.