இது யார் கை?

எங்கள் தெருவில் தைக்கும் தோல் செருப்புகளை இணையத்தில் விற்கலாம் என்று முடிவானபோது முதலில் இடித்தது படம்தான். செல்பேசியில் எடுத்த ஒவ்வொன்றும் 4 எம்பி, 5 எம்பி. கடைப் பக்கத்துக்கு 1000 பிக்சல் அகலமே தாராளம். அதைத் தாண்டினால் டேட்டா குறைவாக உள்ளவர்களுக்குப் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

தோழர் ஒருவர் ஃபோட்டோஷாப்பின் திருட்டுப் பிரதியோடு வந்தார். உழைப்புக்குக் கூலி கேட்டுப் போராடும் நாம் அடுத்தவர் உழைப்பை ஓசியில் எடுப்பதா என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை. (மாதச் சந்தா கட்டப் பணமில்லை என்பதும் உண்மை.)

அடுத்து ஓர் இலவசச் செயலி. அளவைக் குறைத்தது, கூடவே, கேட்காமலே 'அழகும்' படுத்தியது. செருப்பைப் பிடித்திருந்த அக்காவின் கை வெளுத்துக் கிடந்தது. "இது யாரு கை தம்பி?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அன்றே அதை நீக்கினோம்.

இப்போது கிம்ப். 1996-இலிருந்து இருக்கும் கட்டற்ற மென்பொருள். காசும் இல்லை, களவும் இல்லை. அளவு மாற்றும்போது சங்கிலிக் குறி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையேல் செருப்பு படகாகிவிடும். மொத்தமாகச் சுருக்க இமேஜ்மேஜிக்கின் மாக்ரிஃபை கட்டளை உண்டு. சேமிக்கும் இடத்தைத் தனியாகச் சொல்லாவிட்டால் அது மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். அப்படித்தான் 60 படங்களின் மூலத்தைத் தொலைத்தோம். மறுபடி எடுக்க அக்கா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நாள் கூலியைக் கடைக் கணக்கில் எழுதிக் கொடுத்தோம்.