காற்றும் வடிகட்டியும்

வல்ல இறைவன் விலையின்றி வழங்கிய கொடை காற்று. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று மிகுந்தால் ஆற்றல் மிகும் என்றறிந்த இளைஞர் சிலர், காரின் ஏர் ஃபில்டரையே கழற்றிவிட்டு, எஞ்சினின் உறுமலைக் கேட்டு மகிழ்கின்றனர்.

நைனார்பாளையத்தில் என்னிடம் உள்ளது 796 சி.சி. கொண்ட பழைய மாருதி 800. நிமிடத்திற்கு 3,000 சுற்றுகளில் அது ஏறத்தாழ 1,200 லிட்டர் காற்றை இழுக்க வல்லது. கரும்பு வண்டிகள் கிளப்பும் புழுதி அதனுடன் உட்புகுந்தால், பிஸ்டன் வளையங்களை அரம்போல் தேய்த்துவிடும். பிறகு புகைதான்; எஞ்சினைப் பிரிக்கும் செலவுதான்!

எனவே வடிகட்டியை நீக்க நான் இசையவில்லை. அதனைப் புதிதாக்கி, எஞ்சின் சூட்டருகே காற்றிழுத்த குழாயின் வாயை முன்புறம் திருப்பினேன். 60 பாகை செல்சியஸ் காற்று, 30 பாகைக் காற்றைவிட அடர்த்தியில் 9 விழுக்காடு குறைந்ததன்றோ? மழைநீரை உறிஞ்சாதவாறு வாயை உயரத்தில் அமைத்தேன். வடிகட்டி நீங்கலாகச் செலவு, ஒரு முழம் ஹோஸும் இரண்டு கிளாம்புகளுமே.

பெற்ற வேகம் சிறிது. காத்த ஆயுள் பெரிது. மாணவச் செல்வங்களே! அறிவுக்கும் திறந்த வாயில் வேண்டும். தூசு தடுக்கும் வடிகட்டியும் வேண்டும்.