நீருள் உறையும் கோயில்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கணம் பற்றி எழுதவே முதலில் எண்ணினோம். ஆயினும் சென்ற பங்குனியில் நாம் கண்ட காட்சி வேறெதனையும் எழுதவொட்டாது தடுத்தது.

பழைய மஸ்கெலியா நகரம் இன்று நீரின் அடியிற் கிடக்கின்றது. மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969 ஆம் ஆண்டில் மவுசாக்கலை அணை எழுந்தபோது, இந்துக் கோயிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் ஒருங்கே மூழ்கின. மக்கள் மேட்டு நிலத்திற் புதுநகர் கண்டனர். கடுங்கோடையில் நீர் வற்றும்போது மட்டும் அவ்வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளிப்படும்.

அந்நகரிற் பிறந்தவர் எம் அன்னையார். நகர் மூழ்கியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. "கோயில் தெரியுதாம்; ஒருக்கா கூட்டிக்கிட்டுப் போப்பா" என்று கோடைதோறும் கேட்பார். விடைத்தாள் என்றும் விடுமுறை வகுப்பு என்றும் காரணங்கூறி நாம் நாட்கடத்தினோம். இவ்வாண்டோ அவர் முழங்கால்கள் சரிவில் இறங்க இடந்தரவில்லை. நாம் தனியே சென்றோம்.

தோட்டத்து இளைஞர் ஒருவரின் படகில் உச்சிவேளையில் ஏறினோம். மலைநாடு குளிர்நாடு என்பார் அன்று எம்முடன் வந்திருத்தல் வேண்டும்! நீரின்மேல் நிழலில்லை, படகின் விளிம்பு கையைச் சுட்டது. கரையெங்கும் தேயிலைச் சரிவுகள்; அப்பால் சிவனொளிபாதமலையின் கூர்முடி.

இறங்கியதும் வழக்கப்படி செருப்பைக் கழற்றினோம். வெடித்த சேற்றுநிலம் பாதத்தைச் சுட்டது. மூர்த்தி இல்லாத இடந்தானே என மனம் வாதாடிற்று. ஆயினும் மீண்டும் அணியவில்லை. கூரையற்ற சுவர்கள், சேறு படிந்த தளம், வாயிலில் மூன்று படிகள். வேறொன்றுமில்லை. அப்படியில் அமர்ந்து சுண்டல் தின்றதை அன்னையார் பன்முறை சொல்லக் கேட்டுள்ளோம். நாமும் சிறிது நேரம் அமர்ந்தோம்.

அத்தேக்கத்து நீர் லக்சபான மின்நிலையங்கள் வழியே இறங்கிக் களனி கங்கையாய்க் கொழும்பை அடைகின்றது. அந்நீர் தந்த ஒளியால் நகரங்கள் விளங்கின. தோட்டத்து லயங்கள் பலவற்றிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அவ்விளக்கிற் படித்தே நாமும் ஆசிரியரானோம். விழா நாளில் நம் கல்லூரி மண்டபம் ஒளிரும்போது, அவ்வொளிக்காகத் தம் ஊரையும் கோயிலையும் இழந்தவரை ஒருகணம் நினைத்தல் நம் கடன்.

வீடு திரும்பியதும் அன்னையார் கேட்டது ஒன்றே. "படி இருக்கா?"

"மூன்றும் இருக்கின்றன அம்மா."

"சாமியத் தூக்கிட்டு வந்துட்டாங்க. படியத் தூக்க முடியுமா?" என்று கூறிக் கண்களை மூடிக்கொண்டார்.

மாணவ மணிகளே, நீர் வற்றினாற் கோயில் மீண்டும் தோன்றும். நாம் கடத்திய நாட்கள் தோன்றா. உங்கள் வீட்டு முதியோர் ஓரிடம் காண விரும்பினால், அடுத்த கோடைவரை காத்திராதீர்கள்.