கண்ணுக்கா, காதுக்கா?

கணினியில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன் வாங்குவது இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் பேசத்தக்க பொருள்தானா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் தமிழில் 'கேள்வி' என்ற சொல்லே செவிவழிப் பெறும் கல்வியையும் குறிப்பது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஏட்டோடு காதையும் நம்பி நெடுங்காலம் வாழ்ந்த மொழி இது. அந்தக் காதில் எதை மாட்டுகிறோம் என்பது அற்பமான செய்தியன்று.

மந்தைவெளியில், ஆர்.கே. மட சாலைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. வீட்டில் கணினி ஒன்று. உரிமை கொண்டாடுவோர் மூவர். பகலில் அது கல்லூரிப் பணிக்கு. மாணவர்கள் தம் ஊர்களில் கைப்பேசியில் பதிவு செய்து வரும் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் வரிவரியாகக் கேட்டு எழுத்தில் பெயர்க்க வேண்டும். முன்னிரவில் கர்நாடக இசை. அதன்பின், கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் மகனின் துப்பாக்கிச் சண்டை. பழைய ஹெட்போனின் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டபோது, மூவருக்கும் பொதுவாகப் புதிதாய் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

மகன் முன்பே ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தான். 'கேமிங்' என்ற முத்திரை. காதுமூடிகளின் புறத்தே வானவில் நிறங்களில் மாறிமாறி ஒளிரும் விளக்கு. பெட்டியின் மேல் '7.1 சரவுண்ட்' என்றும் '50 மி.மீ. டிரைவர்' என்றும் கொட்டை எழுத்துகள். "அப்பா, எதிரி எந்தப் பக்கம் வர்றான்னு காலடிச் சத்தத்துலயே தெரியணும். அதுக்கு இதுதான் சரி" என்றான். அவன் வேண்டுவதில் குறை காண ஒன்றுமில்லை. அதைத் தருவது அந்த முத்திரைதானா என்பதே ஆராயத்தக்கது.

நமக்கிருப்பவை இரண்டே காதுகள். வலப்புறமிருந்து வரும் ஒலி வலக்காதை முதலில் அடைகிறது. இடக்காதை அடைய அது எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. தலை இடையில் நின்று மறைப்பதால் அப்பக்கம் ஒலி சற்றே தணிகிறது. காதுமடலின் மடிப்புகளோ, ஒலி முன்னிருந்து வருகிறதா பின்னிருந்தா என்பதற்கேற்ப அதன் நிறத்தை மாற்றுகின்றன. இந்த நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. இவற்றைக் கணித்து இரு காதுகளுக்கும் பிரித்தளிக்கும் வேலையை இன்று பல விளையாட்டுகள் தாமே செய்துவிடுகின்றன. மகன் காட்டிய பெட்டிக்குள்ளும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒலிப்பான்களே இருந்தன. எஞ்சியதெல்லாம் மென்பொருளின் கணக்கு. விளையாட்டு போட்ட கணக்கின்மேல் இன்னொரு கணக்கை ஏற்றினால் திசை குழம்புமேயன்றித் தெளியாது.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், மாட்டிக் கேட்டுப் பார்க்க இசைந்த ஒரு கடை கிடைத்தது. சோதனைக்காகப் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கொண்டு போயிருந்தோம். எங்கள் உரைகல் பாடகரின் குரலன்று, தம்புரா. மீட்டிய தந்தி தணிந்துகொண்டே போகையில் அதனுள்ளிருந்து மேற்சுரங்கள் ஒவ்வொன்றாய் விரியும். குரலுக்கும் வயலினுக்கும் அடியில் அது இடையறாது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்தது மிருதங்கம். இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் வேறு, வலந்தலையின் கூர்மை வேறு. இரண்டும் கலந்து ஒரே முழக்கமாகிவிடக் கூடாது.

விளக்கு ஒளிர்ந்த ஹெட்போனில் தொப்பி வீங்கி முழங்கியது. குண்டு வெடிப்பதற்கென்றே தாழ்ந்த ஒலிகளை ஊதிப் பெருக்கியிருந்தார்கள். அந்த முழக்கத்தின் அடியில் வலந்தலை மங்கியது. தம்புரா இருந்த இடமே தெரியவில்லை. அடுத்துக் கேட்டது, விளக்கோ அலங்காரமோ இல்லாத ஒரு கறுப்பு ஹெட்போன். சோனி நிறுவனத்தின் எம்.டி.ஆர். 7506 என்னும் வகை, 1991இல் வந்தது, ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் உலகெங்கும் புழங்குவது. இனிமை சேர்ப்பதற்கன்று, பதிவிலுள்ள குறையைக் கண்டுபிடிக்கவே பிறந்த கருவி. அதில் தம்புரா தெரிந்தது. வயலினின் வில் திரும்பும் இடமும், முன்வரிசையில் யாரோ இருமியதும்கூடத் தெரிந்தன. மகனும் தன் கைப்பேசியிலிருந்த விளையாட்டுப் பதிவொன்றைப் போட்டுக் கேட்டான். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "படியில ஏர்றது தனியாக் கேக்குதுப்பா" என்றான். காலடியும் தம்புராவைப் போலத்தான். பெருமுழக்கத்தின் அடியில் கிடக்கும் சிற்றொலி.

இதற்காகக் 'கேமிங்' என்ற பெயருள்ள யாவும் கழிவு என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. 2014இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஹைப்பர்எக்ஸ் கிளவுட் என்னும் விளையாட்டு ஹெட்போனின் கதை இங்கே நினைக்கத்தக்கது. டாக்ஸ்டார் என்ற சீன நிறுவனத்தின் ப்ரோ 80 என்னும் ஒலிப்பதிவுக்கூட ஹெட்போனே அதன் மூலம்; கியூபேட் என்ற நிறுவனம் அதற்கு மைக் சேர்த்து விற்றது; அதன்வழி வந்ததே கிளவுட். ஆக, விளையாடுவோர் கொண்டாடிய கருவியின் குருதியும் இசைக்கூடத்து வழி வந்ததுதான். முத்திரையைப் பார்க்காமல் உள்ளிருப்பதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தேர்வில் வேறு இரண்டு செய்திகளும் சேர்ந்துகொண்டன. இசை அன்பர்கள் போற்றும் சென்ஹைசர் எச்.டி. 600 போன்றவை புறம் திறந்தவை; காற்றோட்டமும் விரிவும் மிக்கவை. ஆனால் மெட்ரோ ரயிலுக்காகப் பல ஆண்டுகளாக நிலத்தைக் குடையும் பகுதியில், மின்விசிறி ஓடும் அறையில், திறந்த ஹெட்போனுக்குள் தெருவே வந்து அமர்ந்துவிடும். அதன் மின்தடை வேறு 300 ஓம். சாதாரணக் கணினியின் ஒலித்துளை அதை ஓட்டத் திணறும். எங்களுடையது மூடியது, 63 ஓம், நேரே செருகிக் கேட்கலாம். மற்றொன்று சென்னையின் வியர்வை. செயற்கைத் தோலாலான காதுமெத்தை இங்கே ஓரிரு ஆண்டுகளில் செதில் செதிலாக உதிரும், சோனியுடையதும் உதிரும். ஆனால் முப்பதாண்டுகளுக்கு மேலாக ஒரே அச்சில் செய்யப்படுவதால் மெத்தையை மட்டும் தனியே வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் உருமாறும் பொருளுக்கு அந்தப் பேறு அரிது. நண்பர்களுடன் பேசிக்கொண்டே விளையாட மகனுக்கு வேண்டிய மைக்கைச் சட்டையில் குத்திக்கொள்ளும் வகையில் தனியே வாங்கினோம்.

செவியின் நலமும் இதில் அடங்கும். தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றை மூடும்போது, மூடப்பட்டதைக் கேட்கக் கை தானாகவே ஒலியளவைக் கூட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரமே பாதுகாப்பான எல்லை; சிறுவர்களுக்கு 75 டெசிபெல். இரவு இரண்டு மணிவரை விளையாடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. தெளிவாக ஒலிக்கும் கருவியைக் குறைந்த ஒலியிலேயே கேட்க முடிகிறது.

எங்களுக்கு இதன் பயன் முழுதாக விளங்கியது ஓர் ஒப்பாரியில். பாடியவர் ஒரு மாணவியின் பாட்டி. கணவரை நினைந்து பாடியிருந்தார். மாணவி எழுதித் தந்த பிரதியில் 'நீ போன வலி' என்று ஓரிடத்தில் இருந்தது. பொருள் பொருந்தத்தான் செய்தது. ஆனால் மனத்துயரை வலி என்பது அண்மைக்கால எழுத்து வழக்கு. அந்த வாயில் அது ஒட்டவில்லை. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் எண்ணிச் சொல்வாரே, அந்த நா அண்ணத்தில் எங்கே தொடுகிறது என்பதே லகரத்தையும் ளகரத்தையும் பிரிப்பது. மிக நுண்ணிய வேறுபாடு. தாழ்ந்த ஒலி வீங்கினால் முதலில் மறைவது அதுதான். புதிய ஹெட்போனில் நான்கைந்து முறை கேட்டோம். நா பின்னால் வளைந்து தொட்டது. 'வளி' என்றுதான் பாட்டி பாடியிருக்கிறார். பேச்சில் ழகரம் ளகரமாகும் ஊர். அவர் சொன்னது 'நீ போன வழி'. தம் துயரைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. கணவரைச் சுமந்து சென்ற பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. கைப்பேசிப் பதிவு ஒன்றே மிச்சம். மாணவியை அழைத்து ஹெட்போனைக் கொடுத்தோம். ஒருமுறை கேட்டாள், இன்னொருமுறை கேட்டாள், பிறகு தன் பிரதியில் அந்த ஓரெழுத்தை அடித்துத் திருத்தினாள்.