அவிழ்த்துவிட ஓர் இடம்

நாயைச் சங்கிலியில்லாமல் ஓடவிட மணிமங்கலத்தில் இடம் தேடுகிறேன். ஏரி வற்றினால் இடம் உண்டு; அங்கே ஆடு மேய்க்க வருகிறார்கள், என் நாயை நம்ப முடியாது. விற்ற மனைகளைச் சுற்றிக் கம்பிவேலி. ஹைதராபாத் கொண்டாப்பூரில் 2018இல் மாநகராட்சி நாய்களுக்கென்றே ஒரு பூங்கா திறந்தது. அங்கும் சுதந்திரம் வேலிக்குள்தான்.

தெருநாயின் விஷயம் வேறு. கருத்தடை செய்து, வெறிநோய்க்கு ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டு விதிகள். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் விலக்குச் சொன்னது. அப்படியும், உடையவன் இல்லாத நாய்க்குச் சட்டத்தில் ஒரு தெரு மிஞ்சுகிறது.

என் நாய்க்கு உடையவன் இருக்கிறான். ஒன்றரை கெஜச் சங்கிலிதான் அதன் ஊர் எல்லை.