ஒளிஞ்சிருந்தாத்தான் திருடனா?

பாஸ், ஒரு நிமிஷம்! உங்க கேங்ல யாராவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவாங்களா? 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட விளையாட்டு. பேப்பர், பென்சில், டைஸ், நாலு ஃப்ரெண்ட்ஸ்... போதும்! ஒருத்தர் கதை சொல்ல, மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். கதை சொல்பவர்தான் அம்பயரும். எங்க ஹாஸ்டல் ரூமில் அந்த அம்பயர், அடியேன்!

போன செமஸ்டரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. என் ரூம்மேட் ஆடுறது 'ரோக்', அதாவது திருடன் கேரக்டர். மூணாவது லெவல். எதிரே ஒரு ராட்சசன். அவன் உயிரில் மிச்சம் 9 பாயின்ட். எங்க டீம் வீரன் ராட்சசனோட மல்லுக்கட்ட, ரூம்மேட் பக்கத்தில் போய்க் குத்தினான். கத்திக்கு 6 பாயின்ட். "ஸ்னீக் அட்டாக்! இன்னும் ரெண்டு டைஸ் கொடு"ன்னு கையை நீட்டினான்.

"நீ ஒளியவே இல்லையேடா. எல்லாரும் பார்க்கக் குத்திட்டு ஸ்னீக்கா? கிடையாது!"

"பஸ்ல ஒருத்தன் காலை மிதிப்பான், இன்னொருத்தன் பர்ஸை அடிப்பான். அவன் என்ன மாயமா மறைஞ்சா நிக்கிறான்?"

நான் கேட்கலை. அம்பயர் சொன்னா சொன்னதுதானே! ராட்சசன் திருப்பி அடிச்சான். திருடன் விழுந்தான். பிழைக்க உருட்டின டைஸும் கைவிட, ஆள் காலி. ஒரு செமஸ்டர் முழுக்க வளர்த்த கேரக்டர்! ரூம்மேட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். ரெண்டு நாள் பேச்சே இல்லை. ஒரே ரூமில் அது எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

மூணாம் நாள்தான் ரூல் புத்தகத்தைப் பிரிச்சேன். நாங்க ஆடுறது 2014-ல் வந்த அஞ்சாவது பதிப்பு. ஒளிஞ்சே ஆகணும்னு அதில் எங்கேயும் இல்லை! லாகவமா வீசுற ஆயுதம், இல்லைன்னா தூரத்திலிருந்து தாக்குற ஆயுதம் வேணும். அடிக்கிறவனுக்கு 'அட்வான்டேஜ்' இருக்கணும். ஒளிஞ்சு தாக்குறது அதுக்கு ஒரு வழி, அவ்ளோதான். அட்வான்டேஜ் இல்லையா? எதிரிக்கு 5 அடிக்குள்ளே அவனோட இன்னொரு எதிரி தெம்பா நின்னாலே போதும், நமக்கு 'டிஸ்அட்வான்டேஜ்' இல்லாத வரைக்கும். ஒரு டர்னுக்கு ஒரு தடவை. 2024-ல் வந்த திருத்திய பதிப்பிலும் இதேதான். ஒளியறது முக்கியமில்லை, எதிரியோட கவனம் சிதறணும். அச்சு அசல் பஸ் கணக்கு!

விரல் விட்டு எண்ணினேன். அவனுக்குத் தேவை 3 பாயின்ட். ரெண்டு டைஸில் 36 விதமா விழலாம். ரெண்டிலும் ஒண்ணு விழுந்தா மட்டும்தான் தோல்வி. 36-ல் 35 வாய்ப்பை நான் பிடுங்கியிருக்கேன், பேரை மட்டும் படிச்சுட்டு!

அடுத்த சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் "தப்பு என்னுதுடா. அந்த இடத்திலிருந்து திரும்ப ஆடலாம்"னேன்.

"வேணாம்டா. புது கேரக்டர் எழுதிட்டேன். ஆனா, அடுத்த தடவை தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி புக்கைத் திற" என்றான்.

இப்போ எங்க டைஸ் டப்பா பக்கத்திலேயே புத்தகமும் இருக்கு. உங்க ரூமில் அம்பயர் நீங்கதான்னா, நீங்களும் வெச்சுக்கங்க பாஸ்!